சிறுநீரகத்தை அச்சடிக்க முடியுமா?

 

எங்க பெரியம்மா சென்னை தேனாம்பேட்டையில் இருக்காங்க. அவங்களுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரம் மூணு நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்காங்க. "யாரோ ஒருத்தர் வீட்ல அழுதாத்தான் எனக்குக் கிடைக்கும். அதை நினைச்சாலே கஷ்டமா இருக்குடி" என்று லீவுக்குப் போனபோது என்னிடம் சொன்னாங்க. அண்ணன் உடனே, "இப்போ பிரிண்டர்லயே உறுப்பு அச்சடிக்கிறாங்க பெரியம்மா" என்றான். அது உண்மையா? அறிவியல் டீச்சரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

உயிரி அச்சு என்றால் என்ன?

இந்த பிரிண்டரில் மைக்குப் பதிலாக, உயிருள்ள செல்கள் கலந்த கூழ் இருக்கும். இதன் பெயர் உயிரி மை. கம்ப்யூட்டரில் உள்ள படத்தின்படி அடுக்கு அடுக்காக வைத்து உருவத்தைக் கட்டும்.

முறைகள்:

1. பிழிதல்: முறுக்கு பிழிவது போல ஊசி வழியாகப் பிழிவது. ரொம்ப அழுத்தினால் செல்கள் செத்துவிடும்.

2. துளித் தெளிப்பு: இங்க்ஜெட் பிரிண்டர் மாதிரி. வேகமாக நடக்கும். ஆனால் மை நீர்த்து இருக்க வேண்டும்.

3. ஒளி முறை: ஒளி பட்ட இடம் மட்டும் இறுகும். நுணுக்கமாக வரும்.

பொருட்கள்:

அல்ஜினேட் – பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. கால்சியம் சேர்ந்தால் ஜெல்லி போல இறுகும்.

கொலாஜன் – நம் தோலிலும் எலும்பிலும் உள்ள புரதம். மூணு கால் சடை மாதிரி இதில் மூன்று இழைகள் முறுக்கி இருக்கும். இதைச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் (1954–55). நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு!

எதுவரை வந்திருக்கிறார்கள்?

2022-ல் ஹைதராபாத் விஞ்ஞானிகள் கண்ணின் கருவிழிப்படலத்தை அச்சடித்து முயலின் கண்ணில் பொருத்தினார்கள். அந்தப் படலம் அரை மில்லிமீட்டர் கனம்தான். அதில் ரத்தக்குழாயே கிடையாது. ஆனால் சிறுநீரகம் அப்படி இல்லை. ஒன்றில் மட்டும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்திலேயே ரத்தக்குழாய் வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சிஜன் கிடைக்காமல் செத்துவிடும். அத்தனை மெல்லிய குழாய்களையும் அச்சடிப்பதுதான் பெரிய கஷ்டம். அதனால் மனிதருக்குப் பொருத்தும் சிறுநீரகம் இன்னும் அச்சாகவில்லை.

அதுவரை?

2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவர் விபத்தில் மூளைச்சாவு அடைந்தார். பெற்றோர் உறுப்புகளைத் தானம் கொடுத்தார்கள். அவருடைய இதயம் இதே தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய், ஒரு சிறுமியைப் பிழைக்க வைத்தது.

பெரியம்மாவுக்கு போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். "அந்த அம்மா அப்பா நல்லா இருக்கணும்" என்று மட்டும் சொன்னாங்க.

தோழர்களே, உறுப்பு தானம் பற்றி வீட்டில் பேசுங்கள். யாரும் அழாமலே உறுப்பு கிடைக்கும் நாளுக்காக, நாம் நன்றாகப் படிப்போம்!


– 9-ஆம் வகுப்பு மாணவி