புதிய ஒலிபெருக்கி 'பழக' வேண்டுமா?

புதிய ஒலிபெருக்கியை 100 மணி நேரம் பாடவிட்ட பிறகே அதன் உண்மைக் குரல் வெளிப்படும் என்று விற்பவர் பலர் கூறுவர். புதுச் செருப்பு முதலில் காலைக் கடிப்பதும், நாளடைவில் இணங்கி வருவதும் நாம் அறிந்தவை. ஆதலால் இக்கூற்று மனத்தில் எளிதில் பதிந்துவிடுகிறது. என் வகுப்பு மாணவர் ஒருவர், விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு சோடி ஒலிபெருக்கி வாங்கினார். ஓசை அவருக்குப் பிடிக்கவில்லை. "100 மணி நேரம் போகட்டும் தம்பி" என்றார் கடைக்காரர். நாளுக்கு 2 மணி நேரம் கேட்டால் அதற்கு 50 நாள் ஆகும். பொருளைத் திருப்பித் தரக் கடை தந்த தவணையோ 10 நாள்! ஆகவே இது இசைப் பிரியர்களின் வீண் வாதம் மட்டும் அன்று. இயற்பியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஒலிபெருக்கியில், காந்தப் புலத்தினுள் இருக்கும் கம்பிச் சுருளும் அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பும் முன்னும் பின்னும் அசைகின்றன. கூம்பின் விளிம்பு வளையமும், சுருளை நடுவில் தாங்கும் நெளிவுத் துணியும் சுருள்வில்லைப் போல் அதனை மீண்டும் நிலைக்கு இழுக்கின்றன. பிசின் ஊட்டிய அத்துணி முதன்முதலாக நெளியும்போது சற்றே தளர்வது உண்மை. நன்கு அசையவிட்டால் இத்தளர்ச்சியின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடும். ஒரு மாலைப் பொழுது போதும். இணைப்புக் கம்பியில் அசையும் உறுப்பே கிடையாது. கம்பிக்கும் பழக்கம் வேண்டும் என்பாரை நான் பொருட்படுத்துவதில்லை.

தளர்ந்தால் என்ன ஆகும்? வில்லில் தொங்கும் எடையைப் பற்றி நாம் படித்த சூத்திரமே போதும். அதிர்வெண், வில்லின் விறைப்பினுடைய வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: ஒலிபெருக்கியின் ஒத்ததிர்வு அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்க. நெகிழ்வு 20 விழுக்காடு கூடினால் அது 45.6 ஹெர்ட்ஸாக இறங்கும். பெரிய மாற்றம்தான். ஆனால் ஒலிபெருக்கியை நாம் வெறுமையாகக் கேட்பதில்லை. 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாத பெட்டியில் அடைபட்ட காற்றையே முதன்மையான வில்லாகக் கொண்ட ஒலிபெருக்கியை வெளிக்கொணர்ந்தார். அத்தகைய பெட்டியில் காற்றின் விறைப்பு துணியினுடையதைப் போல் 3 மடங்கு என்று கொள்வோம். மொத்த விறைப்பு 4 மடங்கு. அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ். துணி மேற்சொன்ன அளவு தளர்ந்த பின் மொத்தம் 3.83, அதிர்வெண் 97.9 ஹெர்ட்ஸ். காற்று தளர்வதில்லை அல்லவா? எனவே துணியின் பெரிய மாற்றம் பெட்டிக்குள் 2 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. 100 மணி நேரத்தில் பெரிதும் பழகுவது நம் செவியே என்பது என் கருத்து.

ஐயமுள்ளோர் நம் ஆய்வுக்கூடத்திலேயே சோதிக்கலாம். அலையியற்றியோடு 1 கிலோ ஓம் மின்தடையையும் ஒலிபெருக்கியையும் தொடராக இணைத்து, ஒலிபெருக்கியின் முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அதிர்வெண்ணைத் தாழ்நிலையிலிருந்து மெல்ல உயர்த்தினால், மின்னழுத்தம் முதல் உச்சத்தை அடையும் இடமே ஒத்ததிர்வு. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஒரு முறை, சில மணி நேரம் ஓடிய பின் ஒரு முறை, ஓரிரவு ஓய்வுக்குப் பின் மீண்டும் ஒரு முறை குறித்துக்கொள்க. அறையின் வெப்பநிலை ஒன்றாக இருத்தல் வேண்டும். வெப்பமும் துணியைத் தளர்த்தும்.

செவிச் சோதனையோ கடினமானது. சென்ற மாதம் கேட்ட ஓசையை நினைவில் வைத்து இன்றைய ஓசையோடு ஒப்பிட எவராலும் இயலாது. ஒலிபெருக்கிகள் சோடியாக வருவது இங்கே நமக்கு வசதி. ஒன்றை மட்டும் 100 மணி நேரம் ஓடவிட்டு, மற்றதைக் கட்டுப் பிரிக்காமல் வைத்திருக்கலாம். பிறகு இரண்டையும் திரைக்குப் பின்னால் வைத்து, நண்பர் ஒருவர் நாணயத்தைச் சுண்டி எதை ஒலிப்பது என்று முடிவு செய்யட்டும். கேட்பவர் விடையை எழுதட்டும். இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்க வேண்டும்; அரை டெசிபல் கூடினாலும் அதுவே 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றக்கூடும். 16 முறையில் 12-க்குக் குறையாமல் சரியாகச் சொன்னால் கவனிக்கத்தக்கது. வெறும் ஊகத்தால் அது நேரும் வாய்ப்பு 100-க்கு 4-க்கும் குறைவே. பாதிச் சோதனையில் இரண்டையும் இடம் மாற்றி வைக்க மறக்கலாகாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே ஓசை மாறும். அம்மாற்றம் நாம் தேடும் மாற்றத்தைவிடப் பெரிது.