கணினிச் சிரமதானம்: எந்தப் பணிக்கு அளிப்பது?

ஊர் மக்கள் ஒன்று கூடி, கூலி பெறாமல், பொதுக் காரியத்துக்காக உழைப்பதைச் சிரமதானம் என்கிறோம். காவிரிப் பாசனப் பகுதியில் இவ்வழக்கம் குடிமராமத்து என்ற பெயரில் தொன்றுதொட்டு நிலவி வந்துள்ளது. மேட்டூர் அணையின் நீர் கடைமடைக்கு வந்து சேருமுன் வாய்க்காலைத் தூர் வாருவது அவரவர் கடமை என்று நம் முன்னோர் கருதினர். மண்வெட்டி பிடிக்கும் கையைப் போலவே, இன்று வீட்டிலுள்ள கணினியும் பொதுப் பணிக்கு உழைப்பைத் தானம் செய்ய முடியும். ஆனால் எந்த வாய்க்காலை வெட்டுகிறோம், அதன் நீர் எவர் வயலுக்குப் பாயும் என்று கேளாமல் எவரும் மண்வெட்டியை எடுப்பதில்லை. கணினியின் உழைப்பைத் தருமுன்னும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். கேட்கும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணி நடைபெறும் விதம்

சில விஞ்ஞான ஆராய்ச்சிகளுக்குக் கணக்கு மிக அதிகம். ஒரே கணினியில் செய்தால் பல நூறு ஆண்டுகள் ஆகும். ஆயினும் அக்கணக்கைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்க முடியுமானால், ஒரு பெரிய வயலின் நடவைப் பல குழுக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது போல, உலகெங்குமுள்ள கணினிகளுக்குப் பகிர்ந்து அனுப்பலாம். விருப்பமுள்ளவர் ஒரு மென்பொருளைத் தம் கணினியில் நிறுவிக்கொள்கிறார். இணையத்தின் வழியே ஒரு துண்டுக் கணக்கு வருகிறது. கணினி சும்மா இருக்கும் வேளையில் அதைச் செய்து முடித்து விடையைத் திருப்பி அனுப்புகிறது. பல திட்டங்களில் ஒரே துண்டை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்கிறார்கள்.

மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் 'ஜிம்ப்ஸ்' என்ற திட்டம் 1996-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. வேற்றுலக உயிர்களிடமிருந்து வானொலி அலைகள் வருகின்றனவா என்று தேடிய 'செட்டி அட் ஹோம்' திட்டத்தை 1999-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தொடங்கினர். ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் பங்கு கொண்டனர். அதே பல்கலைக்கழகத்தில் உருவான 'பாய்ங்க்' என்னும் மென்பொருளே இன்று இத்தகைய பல திட்டங்களுக்குப் பொதுவான கருவியாக விளங்குகிறது.

சும்மா இருப்பது இலவசம் அன்று

கணினியின் 'உபரிச் சக்தி' என்ற சொல் சிறிது மயக்கம் தரக்கூடியது. வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகும் உபரி நீரைப் போன்றது அது என்று எண்ணிவிடக் கூடாது. கணக்குப் போடும் கணினி, சும்மா இருக்கும் கணினியைவிட அதிக மின்சாரத்தை உட்கொள்ளும்.

நூறு வாட் மின்சாரம் இழுக்கும் ஒரு மேசைக் கணினியை இப்பணிக்கென்றே நாள்தோறும் எட்டு மணி நேரம் ஓடவிடுவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 0.8 யூனிட் செலவாகும். அறுபது நாட்களுக்கு 48 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் இது ஏறக்குறையப் பாதி. நாற்பது வாட் மடிக்கணினி என்றால் அதே கால அளவில் 19 யூனிட் அளவே ஆகும். இருநூறு வாட் இழுக்கும் சித்திர அட்டை பொருத்திய கணினியாக இருந்தால் 96 யூனிட் போய்விடும். ஆகவே இதுவும் பணத்தை அளிப்பது போன்ற தானமே. குடும்பத்தார் அனைவரும் அறிந்து, இசைந்து அளிக்க வேண்டியது.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

முதலாவது: பணியை நடத்துபவர் யார்? பல்கலைக்கழகமோ, அறியப்பட்ட ஆராய்ச்சி நிலையமோ தன் பெயரையும் முகவரியையும் வெளியிட்டு நடத்துகிறதா என்று பார்க்க வேண்டும். நடத்துபவர் இன்னார் என்று தெரியாத திட்டத்துக்கு ஒரு மணி நேரமும் தர வேண்டியதில்லை.

இரண்டாவது: விளைவு யாருக்குச் சேரும்? ஆராய்ச்சியின் முடிவுகள் யாவரும் படிக்கத்தக்க முறையில் வெளியிடப்படுகின்றனவா? பலரது உழைப்பால் விளைந்த நெல்லை ஒருவர் மட்டும் தம் களஞ்சியத்தில் பூட்டிக்கொள்வது முறையன்று. 2004-இல் ஐ.பி.எம். நிறுவனம் தொடங்கிய 'வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்' என்ற அமைப்பு, தன் மூலம் நடக்கும் ஆராய்ச்சிகளின் முடிவுகள் பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்று விதித்தது. இதுவே நல்ல முன்மாதிரி.

மூன்றாவது: இப்பணிக்கு நம் கணினி உண்மையில் தேவையா? துண்டு துண்டாகப் பிரிக்கத்தக்க கணக்குக்கே இம்முறை பொருந்தும். மேலும், நேற்றுத் தேவையாக இருந்தது இன்று தேவையற்றுப் போகலாம்.

நான்காவது: பணி இன்னும் நடைபெறுகிறதா? 'செட்டி அட் ஹோம்' 2020-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் 2021-இல் கனடாவின் டொரொன்டோ நகரிலுள்ள கிரெம்பில் ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்புக்கு மாறிற்று. மாற்றத்தை ஒட்டி 2022-இல் சில மாதங்கள் அதன் பணி தடைப்பட்டிருந்தது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையேனும் நாம் சேர்ந்துள்ள திட்டத்தின் நிலையை விசாரிக்க வேண்டும்.

ஐந்தாவது: நம் வாழ்வோடு அதற்குத் தொடர்பு உண்டா? தூய அறிவுக்கான தேடலும் மதிக்கத்தக்கதே. பகா எண்ணைத் தேடுவது வீண் என்று எவரும் சொல்ல மாட்டார். எனினும் அளவான மின்சாரமும் ஒரே ஒரு கணினியும் உடையவர், பல நல்ல பணிகளுக்கிடையே தமக்கு நெருங்கியதை முதலில் தேர்வது நியாயம்.

நெல்லைப் பற்றிய ஒரு படிப்பினை

நெல் விளையும் நாட்டினராகிய நமக்கு ஒரு திட்டம் தனிக் கவனத்துக்கு உரியது. வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் மூலம் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2008-ஆம் ஆண்டு மே மாதம் 'உலகுக்குச் சத்துள்ள அரிசி' என்னும் பணியைத் தொடங்கினர். நெற்பயிரில் உள்ள பல்லாயிரம் புரதங்களின் வடிவத்தைக் கணக்கிட்டு அறிவது அதன் நோக்கம். எந்தப் புரதம் என்ன தொழில் செய்கிறது என்று தெரிந்தால், மகசூலும் சத்தும் நோய் எதிர்ப்பும் மிக்க ரகங்களை உருவாக்குவோருக்கு அது உதவும் என்பது எண்ணம். 2010 ஏப்ரலில் அதன் கணக்கு வேலை முடிவுற்றது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். கணக்கு முடிந்ததும் புதிய நெல் ரகம் கையில் வந்துவிடாது என்பது ஒன்று. 1922 முதல் ஆடுதுறையில் நடந்து வரும் நெல் ஆராய்ச்சியைப் போல, வயலில் ஒட்டுச் சேர்த்து, பருவம் பருவமாக விளைவித்துப் பார்த்துத் தேர்ந்த பின்னரே விதை விவசாயியிடம் வரும். கணினி செய்வது அந்நெடும் பாதையின் முதல் அடி மட்டுமே. இதற்கு மேல் வாக்களிக்கும் திட்டத்தைச் சற்றுச் சந்தேகத்துடனேயே நோக்க வேண்டும்.

காலம் மாறினால் தேவையும் மாறும் என்பது மற்றொன்று. 'ஆல்ஃபாஃபோல்ட்' என்ற செயற்கை அறிவு முறை 2020-இல் தன் திறமையை மெய்ப்பித்தது. 2022-இல் இருபது கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் உத்தேச வடிவங்கள் அதன் மூலம் பொதுவில் வெளியிடப்பட்டன. அன்று பல்லாயிரம் வீட்டுக் கணினிகள் செய்த வகையான வேலையில் பெரும் பகுதிக்கு இன்று அத்தனை கணினிகள் வேண்டியதில்லை. எனினும் புரதம் அசைந்து உருமாறும் விதத்தை ஆராயும் 'ஃபோல்டிங் அட் ஹோம்' போன்ற திட்டங்களுக்கு வேலை இன்னும் இருக்கிறது. 2000-இல் தொடங்கிய அத்திட்டத்தில், கொரோனா நோய் பரவிய 2020-இல் மக்கள் திரளாகச் சேர்ந்தனர். அதன் கூட்டு வலிமை வினாடிக்குப் பதினாயிரம் கோடி கோடிக் கணக்குகளைத் தாண்டியது.

மழையும் புயலும்

வேளாங்கண்ணியும் கீழையூர் ஒன்றியத்துச் சிற்றூர்களும் கடலும் கடைமடையும் சேரும் இடத்தில் உள்ளவை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையையும், 2018 நவம்பர் 16-இல் கஜா புயலையும் கண்டவை. ஐப்பசி, கார்த்திகை மழை மிகினும் துன்பம், குறையினும் துன்பம். இத்தகைய ஊரார்க்கு வானிலை ஆராய்ச்சி நெருங்கிய பொருள்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் 2003 முதல் நடத்தி வரும் 'கிளைமேட் பிரிடிக்ஷன் டாட் நெட்' திட்டம் தட்பவெப்பத்தைக் கணக்கிடுவது. நாளைக்கு மழை வருமா என்று சொல்வது அதன் வேலையன்று. அப்பொறுப்பு இந்திய வானிலை ஆய்வுத் துறையினுடையது. மனிதர் வெளியிடும் கரியமில வாயு உள்ள உலகம் ஒன்று, அது இல்லாத உலகம் ஒன்று என இரண்டைக் கணினியில் அமைத்து, சிறு மாறுதல்களுடன் ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, பெருமழை எதில் அடிக்கடி நிகழ்கிறது என்று ஒப்பிடுகிறார்கள். ஒவ்வோர் ஓட்டமும் தனித்தனியானது. ஆகையால் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்க மிகவும் ஏற்றது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதிப் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அம்மழையை நெதர்லாந்து, பிரிட்டன், இந்திய விஞ்ஞானிகள் சேர்ந்து ஆராய்ந்தனர். டெல்லி ஐ.ஐ.டி. விஞ்ஞானி ஒருவரும் அவர்களுள் இருந்தார். தன்னார்வலர்களின் கணினிகளில் ஓடிய கணக்குகளும் அதில் பயன்பட்டன. புவி வெப்பமடைதலின் விளைவு அந்த ஒரு நாள் மழையில் புலப்படவில்லை என்று 2016-இல் அவர்கள் வெளியிட்டனர். காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெப்பத்தின் விளைவை இதுவரை ஈடுசெய்திருக்கக்கூடும் என்றும் விளக்கினர். பலரும் எதிர்பார்த்த விடை இதுவன்று. கிடைத்த விடையை உள்ளபடி வெளியிடுவதே நேர்மையான ஆராய்ச்சியின் அடையாளம். நம் உழைப்பு இத்தகையவர் கையில் பாழாவதில்லை.

இத்திட்டத்தின் ஒரு வேலை முடியப் பல நாட்கள் பிடிக்கலாம். எப்போதும் வேலை கிடைக்கும் என்பதும் இல்லை. பொறுமையுள்ளவர்க்கே இது ஏற்றது.

பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டியவை

ஊராட்சி அலுவலகக் கணினி பொதுச் சொத்து. வரிக் கணக்கும் மக்களின் விவரங்களும் அதில் உள்ளன. அதன் மின் கட்டணம் ஊராட்சி நிதியிலிருந்து செல்வது. காரியம் எவ்வளவு நல்லதாயினும், உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியின்றி அதில் வெளியார் மென்பொருளை நிறுவுவது தகாது. பள்ளிக் கணினிகளுக்கும் கூட்டுறவுச் சங்கக் கணினிகளுக்கும் இதுவே விதி. உரிமையாளரைக் கேளாமல் செய்வது தானம் ஆகாது.

தம் சொந்தக் கணினியை ஈடுபடுத்துவோர் சில எச்சரிக்கைகளை மேற்கொள்க. மென்பொருளை அந்தந்தத் திட்டத்தின் சொந்த இணையதளத்திலிருந்தே பெறுக. ஆதார் எண்ணோ, வங்கிக் கணக்கோ, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணோ கேட்டால் உடனே விலகுக. கணினியை ஓடவிட்டால் பணம் பெருகும் என்று ஆசை காட்டுவோர் சிரமதானம் கேட்பவர் அல்லர். கணினி சும்மா இருக்கும்போது மட்டும், பாதி வலிமையில் மட்டும் ஓடும்படி அமைத்துக்கொள்ளலாம். மடிக்கணினி மின்கலத்தில் ஓடும்போது பணி நிற்குமாறு செய்க. உப்புக் காற்றும் தூசியும் மிகுந்த கடலோர ஊர்களில் விசிறியை அடிக்கடி துடைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் பணியை நிறுத்தி வைப்பதே நலம்.

இறுதியாக

முதலில் ஒரே ஒரு திட்டத்தைத் தேர்ந்து, இரண்டு மாதம் நடத்தி, மின் கட்டண அட்டையைப் பார்த்து, பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்க. கட்டணம் தாங்காத குடும்பம் இதில் சேராதிருப்பதால் குறைவொன்றும் இல்லை. சேர்பவர், மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் ஆண்டுதோறும் புதிதாகக் கேட்க வேண்டும். தூர் வாரிய வாய்க்காலையும் மறு ஆண்டு பார்வையிட்டே தீர வேண்டும் என்பது டெல்டா விவசாயி அறியாததன்று.