பெட்ரோல் சங்கிலி வாளைப் பேணுதலும் பழுது பார்த்தலும்

தாராசுரம் முதலிய அரசலாற்றங்கரைக் கிராமங்களில் விழுந்த மரத்தைத் துண்டு செய்வதற்கு முன்னெல்லாம் இருவர் இழுக்கும் வாளும் அரை நாள் பொழுதும் வேண்டியிருந்தன. இப்பொழுது அவ்வேலையைப் பெட்ரோலால் ஓடும் சங்கிலி வாள் செய்துவிடுகிறது. மரம் அறுக்கும் மெஷின் என்று வேலையாட்கள் சொல்வது இதனையே. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தபொழுது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பாதையையும் வாய்க்காலையும் திறப்பதற்கு இக்கருவி எத்துணை அவசியமென்பது அப்பொழுது தஞ்சை ஜில்லா முழுதும் தெரிந்தது. ஆயினும் வருஷத்தில் பத்து மாதம் கொட்டகை மூலையில் கிடக்கும் வாள், ஐப்பசி கார்த்திகையில் மரம் விழுந்த அன்று கிளம்ப மறுக்கும். கும்பகோணத்துப் பட்டறைக்கு எடுத்துச் செல்லலாமென்றாலோ, வழியில்தான் மரம் கிடக்கிறது. ஆதலால் நிலமுடையவரும் கிராம அதிகாரிகளும் இதன் பக்குவத்தைத் தாமே அறிந்திருத்தல் நலம். கோளாறுகளில் பெரும்பாலானவை எஞ்சினுடையன அல்ல. எண்ணெயைப் பற்றியவும் பல்லைப் பற்றியவுமேயாம்.

இவ்வாளின் எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த டூ-டி ஆயிலே பிஸ்டனுக்கு வழுவழுப்புத் தரவேண்டும். லிட்டருக்கு 20 மில்லி சேர்க்கும் வாள்களும் உண்டு, 40 மில்லி சேர்ப்பனவும் உண்டு; வாளுடன் வரும் புத்தகத்தில் கண்ட அளவே சரியானது. கண்ணளவில் ஊற்றுதல் கூடாது. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் பிளக்கிலும் புகைவாயிலிலும் கரி படியும். தற்காலத்துப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருப்பது மற்றொரு சங்கடம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். அதனை உறிஞ்சும் எஞ்சினுக்கு எண்ணெய் கிட்டாது. கார்புரேட்டரிலுள்ள ரப்பர்ச் சவ்வும் நாளடைவில் விறைத்துப்போம். எனவே இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்கவேண்டும். வாளைக் கட்டி வைக்கும்பொழுது தொட்டியைக் காலி செய்து, எஞ்சினைத் தானே நிற்கும் வரை ஓடவிட வேண்டும்.

கிளம்பாத வாளின் கயிற்றை ஓயாமல் இழுப்பதில் பயனில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது. துடைத்து, பிளக் இல்லாமலே கயிற்றைச் சிலமுறை இழுத்துப் பின் மாட்டலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. தொட்டிக்குள் குழாய் நுனியிலுள்ள வடிகட்டியைப் பார்க்கவேண்டும். பிளக்கின் இடைவெளி அநேக வாள்களுக்கு அரை மில்லிமீட்டர். கிளம்பியும் வேகம் பிடிக்காமல் திணறுமாயின் காற்று வடிகட்டியே முதற் குற்றவாளி. மரத்தூள் அடைந்த அதனைத் தட்டிக் கழுவி உலர்த்தினாலே பல வாள்கள் தேறிவிடும். இவற்றையெல்லாம் பாராமல் கார்புரேட்டர்த் திருகுகளைத் திருப்புவது எஞ்சினுக்குக் கேடு.

இனிப் பல்லின் விஷயம். கூர்மையான சங்கிலி மரத்தைச் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவாகத் தள்ளும். மாவு கண்டவுடன் வேலையை நிறுத்தவேண்டும். நிறுத்தாமல் அமுக்கி அறுப்பவன் தன் தோளையும், சங்கிலி ஓடும் தகட்டையும், எஞ்சினையும் ஒருங்கே கெடுக்கிறான். பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி அமைந்தவை. மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் தாடை இவ்விதம் இருபுறமும் சீவுவதைக் கண்டு, அமெரிக்காவில் ஓரிகன் மாகாணத்து ஜோசப் காக்ஸ் என்பவர் 1947-ம் வருஷத்தில் விற்கத் தொடங்கிய சங்கிலியின் வழிவந்ததே இக்காலத்துச் சங்கிலி. கூர் தீட்டுவதற்கு முன் பிளக் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். சங்கிலிக்கு ஏற்ற உருண்டை அரம், பெரும்பாலும் 4 முதல் 5.2 மில்லிமீட்டர் வரை பருமனுள்ளது, வாங்கிக்கொள்க. பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, பெரும்பாலும் 30 டிகிரிச் சாய்வில் தள்ளவேண்டும். திரும்ப இழுக்கையில் அரம் பல்லில் படலாகாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. ஒரு பக்கத்துப் பல் நீண்டால் அறுப்பு வளைந்து செல்லும். பல்லுக்கு முன் நிற்கும் சிறு மேடு பல்லைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கவேண்டும். அதைத் தட்டை அரத்தால் மிகுதியாகத் தேய்ப்பின் வாள் மரத்தைக் கவ்வித் துள்ளும்.

தென்னை அறுப்பதில் ஓர் விசேஷம் உண்டு. தென்னைக்கு வெளிப்புறமே வைரம், நடுப்பாகம் மெது; மண்ணில் கிடந்த அடிமரத்தின் வெடிப்புகளிலோ மணல் நிறைந்திருக்கும். நாள் முழுவதும் வேம்பு அறுத்த சங்கிலியும் மணல் பட்டால் நொடியில் மழுங்கும். அறுக்குமிடத்தை அரிவாளால் சுரண்டி நீர் ஊற்றிக் கழுவுவது, பல் தீட்டும் வேலையை மிச்சப்படுத்தும்.

சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் வேறு. டிராக்டரிலிருந்து வடித்த கழிவெண்ணெயை ஊற்றுவது சிக்கனமன்று. அதிலுள்ள உலோகத் துகள் எண்ணெய்ப் பம்பைத் தேய்க்கும், எஞ்சியது வயலிலும் வாய்க்காலிலும் சிந்தும். வெட்டிய அடிமரத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வாள் நுனியைப் பிடித்து ஓட்டினால், மரத்தின்மேல் எண்ணெய்க் கோடு விழவேண்டும். விழாவிடில் தகட்டின் துளை அடைபட்டிருக்கிறது. சங்கிலியின் இறுக்கத்தை ஆறிய பின்பே திருத்தவேண்டும். சூட்டில் இறுக்கிய சங்கிலி ஆறும்போது சுருங்கித் தகட்டை நெரிக்கும்.

வாள் நுனியின் மேற்பாகம் மரத்தில் தட்டினால் வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எழும். அதனைத் தடுப்பதற்கே முன்கைப்பிடிக்கு அப்பால் தடைப்பிடி இருக்கிறது. அது கெட்டிருந்தால், புயல் நாளாயினும் அவ்வாளை எடுக்கலாகாது. மெதுவோட்டத்தில் சங்கிலி சுற்றினாலும் அவ்வாறே. சாய்ந்த மரத்தோடு மின்கம்பி கிடக்குமாயின், மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டதாகத் தெரிவிக்கும் வரை ஒருவரையும் கிட்டே நெருங்கவொட்டாமல் செய்வது கிராம அதிகாரியின் பொறுப்பாகும்.