மூடிப் பூட்டக்கூடிய கந்தோர்

வீட்டில் கந்தோர் அமைப்பது பற்றிய ஆலோசனைகள் பெரும்பாலும் “தனி அறை ஒன்றை ஒதுக்குங்கள்” என்றுதான் தொடங்கும். கொட்டாஞ்சேனையில் அந்த அறைக்கு எங்கே போவது? ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். புதிய தொடர்மாடிகளிலும் இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. அதற்குள் ஐந்தாறு பேர், சாமிப்படம், தையல் மெஷின், பிள்ளைகளின் புத்தகங்கள். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஏறிய மடிக்கணினி பல வீடுகளில் இன்னும் இறங்கவில்லை. சாப்பாடு கட்டிலுக்குப் போய்விட்டது.

அறை இல்லாமலே தொழிலையும் சீவியத்தையும் பிரித்து வைத்தவர்கள் நமக்குக் கிட்டவே இருந்தார்கள். செட்டியார் தெருவிலும் கடல் கடந்த மற்ற ஊர்களிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளை நினைத்துப் பாருங்கள். ஒரே நீளக் கூடத்தில் பலர் தனித்தனியாக வட்டித் தொழில் செய்தார்கள். ஆளுக்கொரு மரப்பெட்டி, அதன் முன்னால் உட்காரும் இடம்; அதற்குப் பெயர் பெட்டியடி. கணக்கும் பத்திரங்களும் பெட்டிக்குள் இருக்கும். வேலை முடிந்தால் பெட்டியைப் பூட்டிவிட்டு அதே கூரையின் கீழ் உண்டு உறங்கினார்கள். இடம் குறைந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. வேலை முடிந்ததும் மூடிப் பூட்டி, கண்ணில் படாமல் ஆக்கிவிடக்கூடிய ஒரு கந்தோரைத்தான் நீங்கள் கட்ட வேண்டும்.

முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள்

இடம் தேடுவதற்கு முன்னால் உங்கள் வேலை நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். லண்டன் நிறுவனத்துக்கு வேலை செய்பவருக்கு அங்குள்ள காலை 9 முதல் மாலை 5 வரை என்பது இங்கே கோடையில் பிற்பகல் 1.30 முதல் இரவு 9.30, குளிர்காலத்தில் 2.30 முதல் 10.30. மெல்பேர்ண் என்றால் விடியற்காலை 4.30இல் தொடங்கும், அவர்கள் மணிக்கூட்டை முன்தள்ளும் மாதங்களில் 3.30இல். லண்டன்காரர் மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளிலும், மெல்பேர்ண்காரர் ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிறுகளிலும் நேரத்தை மாற்றுவார்கள். அந்த நாட்களை வீட்டுக் கலண்டரில் சிவப்பில் குறித்துவிடுங்கள். போயா நாட்களையும் வேறு நிறத்தில் குறியுங்கள்: ஊரே விடுமுறையில் இருக்கும், உங்கள் முதலாளிக்கு அது சாதாரண வேலைநாள்.

அந்தத் தாளின் பக்கத்திலேயே வீட்டின் நேரத்தையும் எழுதுங்கள். அம்மா சமைக்கும் நேரம், பிள்ளை ரியூஷனால் வரும் நேரம், அப்பா செய்தி பார்க்கும் நேரம், யார் எங்கே எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்பது. மேசை எங்கே போக வேண்டும் என்பதை இந்த இரண்டு பட்டியலும் சேர்ந்துதான் சொல்லும். விடியற்காலை வேலைக்காரர் ஹோலில் இருக்கலாம், அப்போது அங்கே யாரும் இல்லை. இரவு பத்து மணிவரை பேசுகிறவர் ஹோலில் இருந்தால் வீட்டார் முழுப்பேரும் குரலை அடக்கிக்கொண்டு சீவிக்க வேண்டும். அவருக்குப் படுக்கையறையின் ஒரு மூலையே நல்லது, அங்கே தூங்குகிறவர் பிந்திப் படுப்பவராக இருந்தால்.

மூலையைத் தெரிவு செய்வது

வாசலுக்கு நேரே வேண்டாம். வருகிறவர்கள் எல்லோரும் உங்கள் திரையைப் பார்ப்பார்கள், நீங்களும் எல்லோரையும் பார்ப்பீர்கள். குசினிச் சுவரும் வேண்டாம். தாளிக்கும் எண்ணெய்ப் பசை கணினிக்குள் போய் ஒட்டும். யன்னல் இடது கைப்பக்கமோ வலது கைப்பக்கமோ வரும்படி இருங்கள். முன்னால் யன்னல் இருந்தால் கண் கூசும், பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும். துறைமுகப் பக்கம் பார்த்த மேற்கு யன்னல் என்றால், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வெயில் நேரே உள்ளே இறங்கும். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் தடித்த துணி வாங்கி ஒரு திரைச்சீலை தைத்துப் போடுங்கள். சத்தத்தையும் அது கொஞ்சம் உறிஞ்சும். கொள்கலன் லொறிகளின் ஹோர்னை எந்தத் துணியும் நிறுத்தாது. அதற்கு வாய்க்குக் கிட்ட மைக் உள்ள ஹெட்செட் ஒன்று வேண்டும்.

அலுமாரி மேசை

காசையும் பொறுமையையும் இங்கேதான் செலவழிக்க வேண்டும். வெளியே பார்த்தால் சாதாரண அலுமாரி, முன்பலகையை இறக்கினால் மேசை. தச்சரிடம் சொல்லிச் செய்விக்கலாம். மொரட்டுவைப் பக்கம் தளபாட வேலைக்குப் பெயர்போனது, ஆனால் உங்கள் ஒழுங்கையிலேயே ஒரு நல்ல தச்சர் இருந்தால் அவர்தான் சிறந்தவர். வீட்டுக்கு வந்து அளவு எடுப்பார், பிணைச்சல் தளர்ந்தால் திரும்பியும் வருவார்.

அளவுகள் இப்படி இருக்கட்டும். அகலம் 36 அங்குலம், உட்புற ஆழம் 12 அங்குலம். இறக்கிய பலகையின் மேற்பரப்பு தரையிலிருந்து 28 அல்லது 29 அங்குல உயரத்தில் வர வேண்டும். பலகை 20 அங்குலம் வெளியே நீள வேண்டும், முழங்கை வரை அதில் தங்கும் அளவுக்கு. 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை போதும். பிணைச்சலைத் துண்டு துண்டாகப் போடாமல் நீளம் முழுக்க ஓடும் ஒரே பிணைச்சலாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் தினமும் இறக்கி ஏற்றும் பலகை சில மாதத்தில் ஒரு பக்கம் சரியும். பலகையைச் சங்கிலியில் தொங்கவிடும் வடிவத்தை நான் விரும்புவதில்லை. கை ஊன்றும்போது ஆடும், பாரம் முழுவதும் அலுமாரியை முன்னுக்கு இழுக்கும். லாச்சி இழுப்பதுபோல் இரண்டு பக்கமும் வெளியே வரும் தாங்குகட்டைகள் வையுங்கள்.

பழைய வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். கபொக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவரில் திருகாணி அடித்துப் பாரம் தொங்கவிட்டால் காரை உதிர்ந்து கையோடு வரும். அதனால் சுவரில் மாட்டும் மடிப்பு மேசையை விட, தரையில் சொந்தக் காலில் நிற்கும் அலுமாரியே பாதுகாப்பு. கவிழாமல் இருக்க மேலே ஓர் இடத்தில் மட்டும் சுவரோடு பிடித்தால் போதும்.

பின்பலகையில் இரண்டு அங்குலத் துளைகள் இரண்டு போடச் சொல்லுங்கள். கீழே உள்ளது வயருக்கு, மேலே உள்ளது காற்றுக்கு. கொழும்பின் ஈரப்பதத்தில் மூடிய அலுமாரி பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானுக்கும் அது அரண்மனை. துளைகளுக்கு நுளம்புவலைத் துண்டு ஒட்டுங்கள். மடிக்கணினியை வேலை முடிந்த கையோடு சூட்டில் பூட்டாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள். உள்ளே இரண்டு தட்டு: மேல்தட்டில் திரை, அதன் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வர வேண்டும். கீழ்த்தட்டில் கோப்புகள். வீட்டுக் கடிதம், கரண்ட் பில், பிள்ளையின் அறிக்கை எதுவும் இதற்குள் போகக் கூடாது. கந்தோர்த் தாள் எதுவும் வெளியே வரவும் கூடாது.

கதிரையை மறக்க வேண்டாம். சாப்பாட்டுக் கதிரையில் எட்டு மணித்தியாலம் இருந்தால் இடுப்பு போய்விடும். உயரம் மாற்றக்கூடிய ஒன்றை, புதிதாக வாங்க முடியாவிட்டால் பாவித்ததையாவது வாங்குங்கள்.

கரண்டும் இணையமும்

பழைய வட்ட முள் பொயின்டில் அடப்டருக்கு மேல் அடப்டர் குத்தாதீர்கள். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு 13 அம்பியர் பொயின்டுகள் இரண்டை அலுமாரிக்குப் பின்னால் போடுவியுங்கள், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைப்பது வீண் செலவல்ல. வாங்குமுன் ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும், பார்க்காமல் வாங்க வேண்டாம்.

வீட்டாரோடு ஓர் இணக்கம்

அலுமாரியை விட இது கடினம். வீட்டில் இருக்கிற ஆள் சும்மா இருக்கிற ஆள் என்பதுதான் பெற்றோரின் கணக்கு, அதில் அவர்களின் பிழை ஒன்றும் இல்லை. “தம்பி, காஸ் முடிஞ்சு போச்சு, சிலிண்டரை ஒருக்கா மாத்தி விடு” என்று அம்மா கேட்கும் நேரம், அந்தப் பக்கம் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருப்பார். “அம்மா, நாலரைக்கு வாறன், அதுவரைக்கும் மற்ற அடுப்பைப் பாவியுங்கோ” என்று சொல்லக்கூடிய ஒரு நேரம் உங்களிடம் இருக்க வேண்டும், சொன்னால் நாலரைக்குப் போகவும் வேண்டும். இரண்டு தரம் வாக்குத் தவறினால் மூன்றாம் தரம் அவர் காத்திருக்க மாட்டார்.

சின்னப் பிள்ளைகளுக்கு நேரம் விளங்காது, அடையாளம் விளங்கும். ஹெட்செட் காதில் இருந்தால் பேசக் கூடாது, கழுத்தில் இருந்தால் கிட்ட வரலாம். இந்த ஒரு விதி போதும். ஆனால் பாட்டுக் கேட்கவும் அதே ஹெட்செட்டை மாட்டினால் விதி செத்துவிடும்.

அயலையும் கணக்கில் எடுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் சனம் திரளும். ஜூன் 13 திருநாளிலும் ஆடிவேல் தேர் புறப்படும் நாளிலும் வீதிகள் அடைபடும். அந்த நாட்களில் வெளி வேலைகளையும் முக்கியமான கோல்களையும் போடாதீர்கள். அன்றைக்குக் கோயிலுக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே விடுப்பு எடுத்துவிடுங்கள், கையில் போனோடு தேருக்குப் பின்னால் நடப்பது வேலையும் இல்லை, கும்பிடுவதும் இல்லை.

பூட்டும் நேரம்

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை போட்டது. ஆஸ்திரேலியா 2024 ஓகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை, மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை, மறுக்கும் உரிமையை ஊழியருக்குச் சட்டத்தில் கொடுத்திருக்கிறது. உங்கள் நிறுவனம் எதைக் கொடுத்தாலும், பூட்டும் நேரத்தை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

முடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அலாரம் அடிக்கட்டும். நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு துண்டில் எழுதி விசைப்பலகை மேல் வையுங்கள். மனதில் கொண்டுபோனால் சாப்பிடும்போதும் அது கூடவே வரும். ரவுட்டரை விட்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பலகையை ஏற்றிப் பூட்டுங்கள். கதிரையை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். முகம் கழுவி, உடுப்பு மாற்றி, முடிந்தால் கடற்கரைப் பக்கமோ கோயில் வரையோ ஒரு நடை.

மிச்சம் இருப்பது போன். வேலைக்குத் தனி சிம் எடுத்து, பழைய போன் ஒன்றில் போட்டு, கந்தோர் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். அலுமாரி பூட்டும்போது அதுவும் உள்ளே போக வேண்டும். உண்மையான அவசரம் வரலாம் என்று பயப்படுகிறவர்கள், வீட்டு இலக்கத்தைக் கந்தோரில் ஒரே ஒருவருக்குக் கொடுங்கள். எதெல்லாம் அவசரம் என்பதை அவரோடு முன்கூட்டியே பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.