லண்டன் விருந்தாளியோடு திருவண்ணாமலைக்கு

பிரிட்டனிலிருந்து நண்பரோ, அங்கேயே பிறந்து வளர்ந்த அக்கா பிள்ளைகளோ வந்து, திருவண்ணாமலை பார்க்க வேண்டும் என்றால், முதலில் நாட்காட்டியில் பௌர்ணமியைப் பாருங்கள். அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். லட்சக்கணக்கில் கூட்டம், ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள், பல மடங்கு அறை வாடகை. விமானக் களைப்போடு வந்தவர்களுக்குத் தாங்காது. கார்த்திகை தீபம் பார்த்தே ஆகவேண்டும் என்றால், மலை உச்சியில் மகாதீபம் 11 நாள் எரியும். கூட்டம் வடிந்த ஐந்தாறாம் நாளில் போங்கள்.

சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகப் பேருந்தில் நான்கு, ஐந்து மணி நேரம். பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் விசா பெற்று வந்தவர் விடுதியில் தங்கினால் அவர்களே வெளிநாட்டினர் தங்கும் விவரத்தை அரசிடம் பதிந்துவிடுவார்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் பதிய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டித் தங்குவது வசதி. பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்த ஊரோடு நூறாண்டுக்கு மேற்பட்ட தொடர்பு. வேலூரில் காவல் அதிகாரியாக இருந்த ஃபிராங்க் ஹம்ஃப்ரீஸ் 1911-இல் இங்குள்ள விருபாட்ச குகையில் வாழ்ந்த ஞானி ரமணரைச் சந்தித்தார். பத்திரிகையாளர் பால் பிரண்டன் ரமணரைப் பற்றியும் எழுதி 1934-இல் வெளியிட்ட புத்தகத்தைப் படித்துவிட்டு, அடுத்த ஆண்டே மேஜர் சாட்விக் வந்தார். ஆசிரமத்துக்குள் குடில் கட்டிக்கொண்டு, 1962-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். ஆர்தர் ஆஸ்போர்ன் 1964-இல் தொடங்கிய ‘மவுண்டன் பாத்’ இதழ் ஆசிரமத்திலிருந்து இன்றும் வருகிறது. இவர்கள் அமைதியைத் தேடி வந்தவர்கள். உங்கள் விருந்தாளியும் அதையே எதிர்பார்த்து வரலாம். ஆனால் இங்கே மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதையும் அவர் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை.

அண்ணாமலையார் கோயிலுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் கருங்கல் தளம் காலைப் பொசுக்கும். சாதாரண நாளில் மதியம் 12.30-க்கு நடை சாத்தினால் 3.30-க்குத்தான் திறப்பார்கள். 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கத்தையும் காட்டுங்கள்.

மறுநாள் காலையில் ஆசிரமத்தின் பின்புறப் பாதையில் ஸ்கந்தாசிரமம் வரை ஏறுங்கள். உச்சிக்குப் போக முயலாதீர்கள், வனத்துறை தடை விதித்திருக்கிறது. மேலிருந்து கோயில் முழுவதும் தெரியும். எல்லோரும் கோபுரங்களைப் படம் எடுப்பார்கள். நீங்கள் மலைச்சரிவை ஒட்டி நெருக்கியடித்துக் கட்டிய வீடுகளையும் காட்டுங்கள். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையிலிருந்து பாறையும் சேறும் சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்தது. இறந்த ஏழு பேரில் ஐந்து பேர் குழந்தைகள். விருந்தாளிக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தால் அபர்ஃபான் நினைவுக்கு வரும். 1966 அக்டோபரில் வேல்ஸில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்த ஊர் அது. அங்கே விசாரணை ஆணையம் நிலக்கரி வாரியத்தின் மீது நேரடியாகப் பொறுப்பைச் சுமத்தியது. இங்கே கொட்டியது பெருமழைதான். ஆனாலும் ஆபத்தான சரிவில் ஏழைகள் வீடு கட்டுவது ஏன், வேறு இடத்தில் அவர்களுக்கு நிலம் கிடைக்கிறதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதை அவர் கேட்டால் வருத்தப்படாதீர்கள். நாமும் கேட்க வேண்டியதுதான்.

கிரிவலம் 14 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கினால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். மலை வலக்கைப் பக்கம் இருக்கும். வெறுங்காலில் நடந்து பழகாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். இருட்டில் பாதையோரம் வரிசையாகப் படுத்திருப்பவர்களைக் கண்டு அவர் திகைப்பார். காவி கட்டிய எல்லோரும் துறவிகள் அல்லர். பிள்ளைகள் கைவிட்ட முதியவர்களும் அவர்களில் உண்டு. “இவர்களை அரசு கவனிக்காதா?” என்பார். லண்டனிலும் கடைவாசல்களில் ஆட்கள் படுத்திருப்பது உண்டு. ஆனால் அங்கே 1977-இல் வந்த சட்டம், வீடற்றவர்களில் முதியோர், குழந்தையுள்ள குடும்பம் போன்றோருக்கு இடம் தரும் கடமையை உள்ளாட்சி மீது வைத்தது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆதாரும் முகவரியும் இல்லாமல் சாலையோரம் கிடப்பவருக்கு அதைப் பெறுவது பெரும்பாடு. நோட்டுகளை அள்ளி நீட்ட விடாதீர்கள், தள்ளுமுள்ளாகும், வயதானவர்கள் கீழே விழுவார்கள். பக்கத்துக் கடையில் டீயும் பன்னும் வாங்கித் தந்து, இரண்டு வார்த்தை பேசுங்கள். ஆசிரமத்தில் தினமும் முற்பகலில் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள். அதற்கு நன்கொடை தரலாம்.

சாதியைப் பற்றிக் கட்டாயம் கேட்பார். மழுப்பாதீர்கள். ரமணர் காலத்திலேயே ஆசிரம உணவுக்கூடத்தில் பிராமணர்களும் மற்றவர்களும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். இதே மாவட்டத்தின் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் முதன்முதலாகக் கால்வைத்தது 2023 ஜனவரி 30 அன்று, மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் உடன் நிற்க. அந்த மக்கள் பொங்கல் பானைகளோடு வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டினர் பருவம். ரமண நகர்ப் பக்கம் வாடகை ஏறும். உள்ளூர்க் குடும்பங்களுக்கும் அந்தச் சுமை விழும். வெள்ளைக்காரர்களுக்கென்றே நடக்கும் காபிக் கடைகளில் ஒருவேளை சாப்பிட்டால், அடுத்த வேளைக்குத் தேரடித் தெருப் பக்கம் ஒரு மெஸ்ஸுக்குப் போங்கள். ஆட்டோவில் ஏறும் முன் கட்டணம் பேசிவிடுங்கள். பேசிய பிறகு அடித்துக் குறைக்காதீர்கள். எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டால், கிரிவலப் பாதையில் குப்பை பொறுக்கும் துப்புரவுப் பணியாளருக்கு வேலை கொஞ்சம் குறையும்.