ரொட்டி சுடுவோம், இங்கிலீசும் படிப்போம்



"எங்களுக்கு எதுக்குங்க டீச்சர் இங்கிலீசு? கொழுந்து கிள்ளவா?" அந்தி வகுப்பு தொடங்கிய நாளில் ஒரு தாய் எங்களிடம் இப்படித்தான் கேட்டார். மூன்று கிழமை கழித்து அதே தாய் ஒரு பாணி மருந்துப் போத்தலோடு வந்து நின்றார். "டீச்சர், சின்னவனுக்குக் காய்ச்சல். ஒரு கரண்டி குடுக்கச் சொன்னாங்க. வீட்டுல மூணு கரண்டி கெடக்கு. இதுல எந்தக் கரண்டி?"

போத்தலில் ஒட்டியிருந்த துண்டில் மூன்றே மூன்று ஆங்கில எழுத்துகளில் அதற்குப் பதில் இருந்தது. அதைச் சரியாக வாசிக்கத்தான் வீட்டில் ஆளில்லை. மூத்த பிள்ளை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "மேசைக்கரண்டி அம்மா" என்று சொல்லியிருக்கிறான். அது பிழை. தாய்க்கு மனம் கேட்காமல், மருந்து கொடுக்குமுன் எங்களிடம் ஓடி வந்தது நல்லதாய்ப் போயிற்று.

அந்த மூன்று எழுத்து என்னவென்று பிறகு சொல்கிறோம். முதலில் அடுப்படிக்குப் போவோம். ரொட்டி சுடத் தெரியாதவர் நம்மில் யார்? தெரிந்த வேலையை வைத்துப் படித்தால் பொருளைத் தேட வேண்டியதில்லை. சொல்லை மட்டும் புதிதாகப் பிடித்துக்கொண்டால் போதும். ஆகவே இந்த முறை நம் பாடப்புத்தகம் தேங்காய் ரொட்டிதான்.

பாடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வாசிக்கட்டும், அம்மா சொல்லட்டும், அப்பா மாவைப் பிசையட்டும்.

ரொட்டி சுடும் முறை

1. "டேக் டூ கப்ஸ் ஒஃப் ஃப்ளவர் இன் எ பௌல்." ஒரு பாத்திரத்தில் இரண்டு கப் மாவை எடு.

2. "ஆட் வன் கப் ஒஃப் ஸ்க்ரேப்ட் கொக்கனட் அண்ட் வன் டீஸ்பூன் ஒஃப் சோல்ட்." ஒரு கப் துருவிய தேங்காயையும் ஒரு தேக்கரண்டி உப்பையும் சேர்.

3. "சொப் வன் அனியன் அண்ட் டூ க்ரீன் சில்லீஸ்." ஒரு வெங்காயத்தையும் இரண்டு பச்சை மிளகாயையும் பொடியாக நறுக்கு.

4. "மிக்ஸ் தெம் வித் த ஃப்ளவர்." அவற்றை மாவுடன் கல.

5. "ஆட் வோட்டர் லிட்டில் பை லிட்டில். டூ நொட் ஆட் டூ மச்." கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடு. அதிகம் விடாதே.

6. "நீட் த டோ அன்டில் இட் இஸ் சொஃப்ட்." மிருதுவாகும் வரை மாவைப் பிசை.

7. "கீப் இட் ஃபோர் ஃபிஃப்டீன் மினிட்ஸ்." 15 நிமிடம் வை.

8. "மேக் சிக்ஸ் ரொட்டீஸ்." ஆறு ரொட்டி தட்டு.

9. "ஹீட் த பேன் பிஃபோர் யூ புட் த ரொட்டி ஒன் இட்." ரொட்டியைப் போடுமுன் கல்லைச் சூடாக்கு.

10. "டேர்ன் இட் வென் வன் சைட் இஸ் ப்ரௌன்." ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பிப் போடு.

கட்டச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இலக்கணத்தைப் பார்ப்போம்.

வேலைச் சொல் முன்னால் நிற்கும்

மேலே உள்ள வரிகளின் முதல் சொற்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். டேக், ஆட், சொப், மிக்ஸ், நீட், கீப், மேக், ஹீட், டேர்ன். எல்லாமே செய்யச் சொல்லும் சொற்கள். தமிழில் நாம் "மாவைப் பிசை" என்கிறோம். வேலை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் ஏவல் வாக்கியம் என்றால் வேலை முதலில் வரும், பொருள் பிறகு வரும். "நீட் த டோ."

இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் பிள்ளைக்கு "பிசை", பெரியவருக்கு "பிசையுங்கள்" என்று மாற்றிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "நீட்" ஒன்றுதான். ஆளிடம் நேரில் கேட்கும்போது மரியாதைக்கு "ப்ளீஸ்" சேர்த்துக்கொள்வார்கள். சமையல் குறிப்பில் அது வராது.

செய்யாதே என்று சொல்ல "டூ நொட்" என்பதை முன்னால் வைத்தால் சரி. "டூ நொட் ஆட்." சேர்க்காதே. இந்த இரண்டு சொல்லையும் எங்கே கண்டாலும் நின்று வாசியுங்கள். அதற்குப் பின்னால் வருவது செய்யக் கூடாத காரியம்.

எண்ணுவதும் அளப்பதும்

வெங்காயத்தை எண்ணலாம். மிளகாயை எண்ணலாம். ஆகவே ஒன்றுக்கு மேல் வந்தால் கடைசியில் "ஸ்" ஒலி சேரும். வன் அனியன், டூ அனியன்ஸ். மாவையும் உப்பையும் தண்ணீரையும் எண்ண முடியாது, அளக்கத்தான் முடியும். அதனால் எண் கப்புக்கும் கரண்டிக்கும் போகிறது. "டூ கப்ஸ் ஒஃப் ஃப்ளவர்." இரண்டு கப் மா.

இதை மறந்து "டூ ஃப்ளவர்ஸ்" என்று சொன்னால் கேட்பவர் இரண்டு பூவைக் கொண்டுவந்து தருவார்! மாவுக்கும் பூவுக்கும் ஒலி ஒன்றுதான், எழுத்துதான் வேறு. அதுபோல "நீட்" என்பதை ஒரு விதமாக எழுதினால் பிசைவது, இன்னொரு விதமாக எழுதினால் தேவை. பிசையும் "நீட்" சொல்லில் முதலில் ஒரு "கே" எழுத்து நிற்கும், ஆனால் வாய் திறக்காது.

சிறு சொற்கள் நான்கு

தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். பாத்திரத்தில், மாவுடன், கல்லின் மேல். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சிறு சொல் முன்னால் நிற்கும். இன் எ பௌல், வித் த ஃப்ளவர், ஒன் த பேன்.

நேரத்தைக் காட்டும் சிறு சொற்களும் அப்படித்தான். இந்த நான்கையும் மனப்பாடம் செய்யுங்கள்.

பிஃபோர் - முன்பு
ஆஃப்டர் - பின்பு
அன்டில் - ஆகும் வரை
ஃபோர் - இவ்வளவு நேரத்துக்கு

"ஃபோர் ஃபிஃப்டீன் மினிட்ஸ்" என்றால் 15 நிமிடத்துக்கு. இங்கே ஒரு எச்சரிக்கை. "ஃபிஃப்டீன்" என்பது 15, "ஃபிஃப்டி" என்பது 50. முதலாவதில் கடைசி ஒலியை நீட்டி அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் "வன் ஃபைவ்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கரண்டியில் இருக்கிறது கவனம்

இப்போது அந்த மூன்று எழுத்துக்கு வருவோம். டீ, எஸ், பீ. இது "டீஸ்பூன்" என்பதன் சுருக்கம். தேக்கரண்டி, அதாவது தேத்தண்ணி கலக்கும் சின்னக் கரண்டி. அதன் அளவு 5 மில்லிலீற்றர்.

மேசைக்கரண்டிக்கு ஆங்கிலத்தில் "டேபிள்ஸ்பூன்". அதன் சுருக்கத்தில் நான்கு எழுத்து வரும். ஏ, பீ, சீ என்று சொல்லும்போது இரண்டாவதாக வரும் பீ, முதல் எழுத்துக்கு அடுத்தாற்போல் நடுவில் நுழைந்துகொள்ளும். அதன் அளவு 15 மில்லிலீற்றர்.

மூன்று எழுத்து என்றால் சின்னக் கரண்டி. நான்கு எழுத்து என்றால் பெரிய கரண்டி. எழுத்தை எண்ணத் தெரிந்தாலே போதும்.

ரொட்டியில் ஒரு தேக்கரண்டி உப்புக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி விழுந்தால் உப்பு மூன்று மடங்கு. ரொட்டியை வாயில் வைக்க முடியாது, மா வீணாகும், அவ்வளவுதான். மருந்தில் அதே பிழை நடந்தால் சின்னப் பிள்ளையின் உடம்பில் மூன்று மடங்கு மருந்து போகும். ரொட்டியைத் திரும்பச் சுடலாம். குடித்த மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக் கரண்டிகள் எல்லாம் ஒரே அளவு இல்லை. மருந்துக்கு, 5 மில்லிலீற்றர் என்று கோடு போட்ட கரண்டியையோ மூடியையோ டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விளங்காத எதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வீட்டுக்குத் திரும்புங்கள்.

போத்தலும் ஒரு சமையல் குறிப்புதான்

மருந்துப் போத்தலிலும் மருந்தடிக்கும் டின்னிலும் இருக்கும் வரிகளைப் பாருங்கள். ரொட்டியில் படித்த அதே இலக்கணம்.

"ஷேக் வெல் பிஃபோர் யூஸ்." பாவிக்குமுன் நன்றாகக் குலுக்கு.

"டேக் ஆஃப்டர் மீல்ஸ்." சாப்பாட்டுக்குப் பிறகு எடு.

"கீப் அவே ஃப்ரொம் சில்ட்ரன்." பிள்ளைகளுக்கு எட்டாமல் வை.

"டூ நொட் ஈட் ஓர் ட்ரிங்க் வைல் யூஸிங்." பாவிக்கும்போது உண்ணாதே, குடிக்காதே.

"வொஷ் ஹேண்ட்ஸ் ஆஃப்டர் யூஸ்." பாவித்த பின் கை கழுவு.

வேலைச் சொல் முன்னால் நிற்கிறது. பிஃபோரும் ஆஃப்டரும் வருகின்றன. "கீப்" என்பதை மாவுக்குப் படித்தோம், இங்கே மருந்துக்கு வருகிறது. ரொட்டி சுட்ட கைக்கு இந்த வரிகள் அந்நியம் இல்லை.

நம் சொல்லும் அங்கே இருக்கிறது

ஆங்கிலம் பெரிய மனிதர் வீட்டுப் பாஷை என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். நம் கறிதான் அங்கே "கரி". நம் கஞ்சிதான் "கொன்ஜி". நம் மிளகுத்தண்ணிதான் "மல்லிகட்டானி". ஆப்பம் "ஹொப்பர்" ஆனது, இடியப்பம் "ஸ்ட்ரிங் ஹொப்பர்" ஆனது. தாளிப்பதற்கு நம் நாட்டுச் சமையல் புத்தகங்களில் "டெம்பர்" என்று எழுதுவார்கள். "டெம்பர்ட் டால்" என்றால் தாளித்த பருப்பு. வேறிடத்தில் அதே "டெம்பர்" கோபத்தைக் குறிக்கும். பருப்புக்குக் கோபம் வந்ததாக நினைத்துவிடாதீர்கள்!

நம் நாட்டு அரசியலமைப்பிலும் 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று சொல்கிறது. தமிழ் பேசும் நமக்கும் சிங்களம் பேசும் அயலவருக்கும் நடுவில் அது ஒரு பாலம். அந்தப் பாலத்தில் நடக்க நமக்கும் உரிமை உண்டு.

பயிற்சி

1. ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: உப்பு சேர்க்காதே.
2. "பொயில் த வோட்டர் ஃபோர் டென் மினிட்ஸ்." தமிழில் என்ன?
3. இடைவெளியை நிரப்புங்கள்: "வொஷ் யுவர் ஹேண்ட்ஸ் ....... யூ ஈட்." (பிஃபோர், அன்டில்)
4. துண்டில் நான்கு எழுத்துச் சுருக்கம் இருந்தால் எந்தக் கரண்டி?

விடைகள்: 1. டூ நொட் ஆட் சோல்ட். 2. தண்ணீரைப் பத்து நிமிடத்துக்குக் கொதிக்க வை. 3. பிஃபோர். 4. மேசைக்கரண்டி.

வீட்டு வேலை ஒன்று தருகிறோம். வீட்டில் இருக்கும் ஒரு டின், ஒரு பக்கெட், ஒரு போத்தல் எடுத்து, இன்று படித்த சொற்களில் எத்தனை அதில் இருக்கின்றன என்று பிள்ளைகளோடு சேர்ந்து தேடுங்கள். நான்கு சொல் அகப்பட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு ரொட்டி கூடுதலாகக் கொடுங்கள்.

அந்தத் தாய் இப்போது வகுப்பில் முன் வரிசையில் உட்காருகிறார். எதுக்குங்க இங்கிலீசு என்று அவர் கேட்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு, மூன்று எழுத்தா நான்கு எழுத்தா என்று எண்ணிக் காட்டுவது அவர்தான்.