சனி எங்கே இருக்கிறார்? வெளியே வந்து பாருங்கள்

2025 செப்டம்பர் 20, புரட்டாசி முதல் சனிக்கிழமை. அன்றைக்குக் கிள்ளான் பெருமாள் கோவிலில் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் ஆரம்பித்த சண்டை வரிசையில் நிற்கும்போதும் ஓயவில்லை. நான் மேஷ ராசி. "உனக்கு ஏழரை ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சு, பினாங்குக்கெல்லாம் டிரெய்னிங் போக வேணாம்" என்றார் அம்மா. "சனி இன்னும் கும்பத்துலதான் இருக்காரு, மாசி வரைக்கும் பிள்ளைக்கு ஒன்னுமில்ல" என்றார் பாட்டி.

இரண்டு பேரும் சரியான பஞ்சாங்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். அம்மாவுடையது திருக்கணிதம். அதில் சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. பாட்டியுடையது வாக்கியம். அதில் சனிப்பெயர்ச்சி 2026 மார்ச் 6. ஒரே கிரகம், பதினோரு மாதத்துக்கு மேல் வித்தியாசம்! நான் படிப்பது என்ஜினியரிங். இரண்டு மீட்டர் இரண்டு ரீடிங் காட்டினால் எது சரி என்று நாங்கள் வாயால் சண்டை போடுவதில்லை, போய் அளந்து பார்ப்போம்.

கோவிலை விட்டு வெளியே வரும்போது மணி ஒன்பது. ஷா ஆலாம் பக்கம், கிழக்கே பார்த்தேன். கட்டடங்களுக்கு மேலே மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு புள்ளி, மினுக்காமல் நின்றது. அதுதான் சனி. மறுநாள், செப்டம்பர் 21, பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், நேர் எதிர்ப்பக்கம் சனி என்று இருந்த நாள். அதனால் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே சனி ஏறினார். அத்தனை பேர் அவர் பெயரைச் சொல்லி எள் தீபம் ஏற்றிய ராத்திரி, ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் வரைக்கும் நானும் பார்த்ததில்லை.

கிரகத்தை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. நட்சத்திரம் ரொம்ப தூரத்தில் இருப்பதால் வெறும் புள்ளி. காற்று அசைந்தாலே அதன் ஒளி துடிக்கும். கிரகம் கிட்டத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது ஒரு சின்ன வட்டு. அதனால் ஒளி நிதானமாக இருக்கும். அடுத்தது, கிரகங்கள் எல்லாம் சூரியன் போகும் பாதையை ஒட்டியேதான் போகும். நாம் பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறோம், அதனால் அந்தப் பாதை நம் தலைக்கு மேலேயே போகிறது. லண்டன்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது, புதன் 28 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே நடு ராத்திரியில் உச்சியில் பளிச்சென்று ஒன்று நின்றால் அது வெள்ளியில்லை, அநேகமாக வியாழன். ராகு கேதுவைத் தேடாதீர்கள். சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு இடங்கள் அவை, கண்ணுக்குத் தெரியும் பொருள் இல்லை.

ஏழரை எங்கிருந்து வந்தது? சனி ஒரு சுற்று வர சுமார் 29½ வருஷம். பன்னிரண்டு ராசிக்குப் பிரித்தால் ஒரு ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை. நம் ராசிக்கு முந்தினது, நம்முடையது, அடுத்தது என மூன்றையும் கூட்டினால் ஏழரை. கால்குலேட்டரில் இதைப் போட்டுப் பார்த்த அன்று தனியாகச் சிரித்தேன். சனைச்சரன் என்ற பேருக்கே மெதுவாக நடப்பவர் என்றுதான் அர்த்தம்.

சரி, அளந்த கதை. சில நாள் கழித்து, சாயங்காலம் மழை கொட்டி ஓய்ந்து வானம் கழுவினாற்போல் இருந்தது. மாடிக்குப் போனேன். கிழக்கே நாலு நட்சத்திரங்கள் பெரிய சதுரமாக நின்றன. மேல் பக்கத்து இரண்டும் பூரட்டாதி, கீழ்ப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. நம் ஜாதகத்தில் வரும் அதே பெயர்கள்தான். கீழ்ப் பக்கக் கோட்டை வலது பக்கம் இன்னொரு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக நீட்டினால் சனி கிட்டத்தட்ட அதன் மேலேயே இருந்தார். வானத்தில் ராசிக்கு யாரும் கோடு போட்டு வைக்கவில்லை, நட்சத்திரத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பூரட்டாதியின் நாலாம் பாதத்திலேயே மீனம் தொடங்கிவிடும், உத்திரட்டாதி முழுக்க மீனம்தான். ஆக அம்மா பக்கம்தான் சரி. இரண்டு பஞ்சாங்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் எட்டு பாகை. கையை நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் பத்து பாகை, அவ்வளவுதான்.

அதற்காக வாக்கியத்தைக் கேலி செய்யாதீர்கள். எண்களைச் சொற்களாக மாற்றி, வாக்கியமாக மனப்பாடம் செய்து கிரகத்தின் இடத்தைச் சொன்ன முறை அது. பழைய கணக்கில் இருந்த சின்னப் பிழை நூற்றாண்டுகளில் கூடிக்கொண்டே வந்துவிட்டது. இந்தத் தொல்லை அந்தக் காலத்து ஆட்களுக்கும் தெரியும். கேரளத்தில் பரமேஸ்வரர் 55 வருஷம் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, கணக்கைத் திருத்தி 1431-இல் 'திருக்கணிதம்' எழுதினார். திருக் என்றால் பார்வை. எங்கள் லேபில் கேலிப்ரேஷன் என்று சொல்வதைத்தான் அவர் ஆயுள் முழுக்கச் செய்திருக்கிறார்.

அளந்ததில் மாட்டிக்கொண்டது நான்தான். எனக்கு ஏழரை தொடங்கிவிட்டது என்று நானே நிரூபித்துவிட்டேன்! ஆனால் வானம் எனக்குச் சொன்னது சனி இருக்கும் இடத்தை மட்டும்தான். பினாங்கில் என் டிரெய்னிங் எப்படிப் போகும் என்று அந்தச் சதுரத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இதைச் சொன்னதும் அம்மா முறைத்தார். இன்னும் முழு மனசாகச் சம்மதிக்கவில்லை. பாட்டியை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். "இவ்ளோ சின்னதா இருக்காரே" என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். பிறகு, "பினாங்குலயும் இவரு தெரிவாரா?" என்று கேட்டார். தெரிவார் என்றேன். "அப்ப போயிட்டு வா."

2026 மார்ச் 6, வெள்ளிக்கிழமை, பாட்டியின் பெயர்ச்சி நாள். அன்றைக்கு நீங்களும் பாருங்கள். சூரியன் மறைவதே ஏழரை மணி வாக்கில்தான், சிரிக்காதீர்கள். மேற்கே தாழ்வாக முதலில் வெள்ளி தெரியும். அதிலிருந்து ஒரு முஷ்டி அகலத்துக்குள், மங்கலாகச் சனி. பைனாகுலர் இருந்தால் நல்லது, ஆனால் சூரியன் முழுசாக இறங்கும் வரை அதைக் கண்ணில் வைக்கவே கூடாது. எட்டு மணிக்குள் பிடித்துவிடுங்கள், சீக்கிரம் இறங்கிவிடுவார்கள். பிரிக்பீல்ட்ஸ் நண்பர்களுக்குக் கட்டடம் மறைக்கும். மேற்குப் பக்கம் திறந்திருக்கும் கார் பார்க் மேல்மாடி ஒன்றை இப்போதே தேடி வையுங்கள்.